ஒரே சுற்றில் கிளம்பிய வண்டி

மார்கழிக் குளிரில் பழைய இன்ஜினை அவசரப்படுத்தக் கூடாது, சார். கிராங்க் கம்பியைச் செருகி நாலைந்து தடவை சுற்றினால் தும்மும், அப்புறம்தான் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் ஏன் ஒரே சுற்றில் பிடித்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பேச விடுங்கள், ஆசையாக இருக்கிறது.

உலகப் போர் முடிந்து வெள்ளைக்காரன் விட்டுப்போன தீயணைப்பு வண்டி அது. எழுபத்து நான்கில் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வார்னிஷ் தொழிற்சாலை திறந்தபோது பட்டாள ஏலத்தில் எடுத்தார்கள். மேலே கூரை கிடையாது. ஆட்கள் இரண்டு பக்கமும் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். தலைக்கு மேல் சக்கரம் வைத்த மர ஏணி, பின்னால் பம்பு, ஏரியில் இறக்கித் தண்ணீர் உறிஞ்சுகிற தடிக் குழாய். டிரைவர் பக்கத்தில் பித்தளை மணி. புளி போட்டுத் துலக்கினால் என் முகம் அதில் புது மாப்பிள்ளை மாதிரி தெரியும்.

டிரைவர் நான், வீரராகவன். கிராங்க் போடுவதும் மணியடிப்பதும் தேசப்பன். எங்களுக்கு ஒரே குறை, தீயே பிடிக்கவில்லை. வாரம் ஒரு தடவை கிளப்பிப் பார்ப்பதோடு சரி, வருஷக்கணக்கில் வண்டி ஷெட்டில் நின்றது. புது மேனேஜர் பரசுராமன் சார் அதை ஒரு வலம் வந்து பார்த்துவிட்டு, “இது என்னப்பா, மியூசியமா? பொங்கல் கழிச்சு பழைய இரும்புக்குப் போட்டுடலாம்” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மணியை உருக்கிவிடுவார்கள், சார்.

அதனால்தான் முதலில் ஒரு வைக்கோல் போர். பக்கத்து ஊர் துலுக்காணத்துடையது, களத்தில் ஆளே இல்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? தேசப்பன் மணியை விளாசுகிறான், மாட்டு வண்டிகள் ஒதுங்குகின்றன, ஜனங்கள் கூடவே ஓடிவருகிறார்கள். ஏரியில் குழாயை இறக்கியதும் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பாய்ந்தது. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. அணைத்து முடித்ததும் துலுக்காணத்தின் சம்சாரம் தாயாரம்மாள் வண்டிக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினாள். “சாமி மாரி வந்துச்சுப்பா இந்த வண்டி” என்றாள்.

அதை மேனேஜரிடம் சொன்னேன். “வைக்கோலுக்குக் கம்பெனி பெட்ரோலா? ஏதாவது ஆளைக் காப்பாத்தினியா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான். ஓர் உயிரைக் காப்பாற்றிய வண்டியை எவனாவது இரும்புக்குப் போடுவானா?

தேசப்பன் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பனையோலைக் கூரை. பெண்டாட்டி அஞ்சம்மாள் காய்ச்சலில் படுத்திருப்பதாக அவனே சொல்லியிருந்தான். வேறு யார் வீட்டையோ தேடுவதைவிட இது நல்லது என்று பட்டது. சொந்த மனைவியை மீட்கிற பெருமை அவனுக்குக் கிடைக்கட்டுமே. காலையில் வண்டியைக் கிளப்பி நன்றாகச் சூடேற்றி நிறுத்தினேன். சைக்கிளில் போய்க் கூரையில் கொளுத்திய ஊதுபத்தியைச் செருகினேன், அது எரிந்து ஓலையைத் தொடுவதற்குள் ஷெட்டுக்குத் திரும்பிவிடலாம். கதவுச் சங்கிலியை வெளிப்பக்கம் மாட்டினேன். அவள் தானாக எழுந்து நடந்து வந்துவிட்டால் வண்டிக்கு என்ன வேலை? உள்ளே இருமினாள். பாவம், கொஞ்ச நேரம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

புகையைப் பார்த்து வாட்ச்மேன் சங்கு ஊதியதும் தேசப்பன் ஓடிவந்து கிராங்க் போட்டான். ஒரே சுற்று. பறந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது.

என் தப்பு அது ஒன்றுதான், சார். துலுக்காணத்தின் களம் பாதைக்கு இந்தப் பக்கம், அதனால் கேட்டைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போனது. தேசப்பன் மணியை அடித்துக்கொண்டே, “இன்னாண்ணா, பொக எங்க தெருவாண்ட மாரி கீதே” என்றான். கேட்டில் நின்ற சனம் மொத்தமும் எங்கள் வண்டியைத்தான் வாய் பிளந்து பார்த்தது. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

போய்ச் சேர்ந்ததும் பம்பு முதல் இழுப்பிலேயே குட்டைத் தண்ணீரை எடுத்தது. சங்கிலியைத் தேசப்பன்தான் கழற்றினான், உள்ளங்கை வெந்துவிட்டது. அஞ்சம்மாள் கதவை ஒட்டியே கிடந்தாள், மூச்சு இல்லை. அவன் அவளை வெளியே தூக்கி வந்து கிடத்தினான். அப்புறம் வண்டியிடம் வந்து நின்றான். “ஒரே சுத்துல எப்டி புட்சிச்சு? காலைலயே வண்டிய இன்னாத்துக்குக் கெளப்புன?” என்றான். இத்தனை வருஷம் கிராங்க் போட்ட கை அல்லவா. அங்கிருந்து நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான்.

ஆமாம், நான்தான் வைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்பதையும் எழுதுங்கள். அதைச் சாட்சிப் பொருளாகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவீர்களாமே. அப்படியானால் இனி யாரும் அதை இரும்புக்குப் போட முடியாது, இல்லையா? திருவள்ளூர் வரைக்கும் நானே ஓட்டி வருகிறேன், வேறு யார் கைக்கும் அது அடங்காது. தேசப்பனுக்குக் கை ஆறியதும் சொல்லி அனுப்புங்கள். மணியை அவன் அடித்தால்தான் நன்றாக இருக்கும்.