நீல வெளிச்சத்தில் கறுவா

— பொய் சொல்லாதேங்கோ றொனால்ட், கன்ரீன் மேசைக்கு மேலை ஏறி ஆடினது நீங்கள்தான்.

— ஆடேல்லை தயாளினி, ஏறினது மட்டுந்தான். முதல்லை தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது. அந்த அரிசி மூட்டையிலை இரும். என்ரை கடையிலை வேறை கதிரை இல்லை.

— பத்து வருசத்துக்குப் பிறகு லா சப்பல் கடைத்தெருவுக்கு வாறன், அரிசி மூட்டையோ?

— யூனிவேசிற்றி நிலக்கீழ் லபோவிலை உமக்கு அந்த மூட்டையும் கிடைக்கேல்லையே. நீல லைட்டுக்கு முன்னாலை, செம்மஞ்சள் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நிண்டபடிதானே டொக்ரர் பட்டத்துக்குத் தேஸ் செய்தனாங்கள்.

— கறுவா எசன்ஸ் மணம் உடுப்பெல்லாம் ஏறியிருக்கும். ஓல்னே போற றெயினிலை சனம் திரும்பித் திரும்பிப் பாக்கும்.

— அம்மா கேப்பா, "நீ படிக்கப் போறியோ, கேக் அடிக்கப் போறியோ?" எண்டு. ஒருநாள் இருத்திவைச்சு விளங்கப்படுத்தினன். கறுவா எசன்சுக்கு ரெண்டு கதவு இருக்கம்மா, ஐதரசன் ஒரு கதவாலை மட்டும் போகவேணும், மற்றதைத் தொடக்கூடாது எண்டு. "அப்ப மற்றதைப் பூட்டிவிடன்" எண்டா!

— பாவம், சரியாத்தான் சொல்லியிருக்கிறா. மூண்டு வருசம் அந்தப் பூட்டைத்தானே தேடினம்.

— அடுப்பு வேண்டாம், ஐதரசன் சிலிண்டர் வேண்டாம். பிளாற்றினம் ஏத்தின ஊக்கித்தூள், கொஞ்ச அல்ககோல், நீல வெளிச்சம். அல்ககோலிலை இருந்தே ஐதரசன் கழண்டு வரும். சொல்லேக்கை இப்பவும் எனக்கு மயிர் கூச்செறியுது. கண்டறியாத தூள், வந்த ஐதரசனை ரெண்டு கதவாலையும் விட்டுக்கொண்டே இருந்துது.

— 2013 பங்குனி வரைக்கும்.

— ஓம். அந்த ஒரு மாதம்! நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியான கதவாலை! எனக்கு அதுபோலை ஒரு மாதம் பேந்து வரேல்லை தயாளினி. கலியாணத்தண்டும் அவ்வளவு சந்தோசப்படேல்லை. மனிசிக்குச் சொல்லிப்போடாதேயும்.

— பிறகு எங்கடை புறொபெசர், பத்ரோனுக்கு முன்னாலை புதுத் தூள் செய்து காட்டினம். ஒருக்காவும் சரிவரேல்லை. மிச்சமிருக்கிற பழைய தூளைத் தா, நானே பாக்கிறன் எண்டார். முடிஞ்சுது எண்டனீங்கள். அதோடை, இவன் இல்லாத நம்பரை எழுதிப்போட்டான் எண்டு முடிவுகட்டினார்.

— பேந்தென்ன, தேஸ் போச்சு, மாமன்ரை கடை வந்துது. விடும் அதை.

— விடேலாது. அதுக்குத்தான் கிறனோபிளிலை இருந்து வந்தனான். நீங்கள் எழுதின நம்பர் சரி. காரணம் கண்டுபிடிச்சிட்டன்.

— என்ன காரணம்?

— கந்தகம். துளிக் கந்தகம் பிளாற்றினத்திலை ஒட்டினா மற்றக் கதவு அடைபடுது. ஆனா நாங்கள் கந்தகமே போடேல்லையே எண்டு மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தன். போன மாதம் ரசத்துக்குப் பெருங்காயம் எடுத்தனான், டப்பாவும் கையுமா அப்பிடியே நிண்டிட்டன். பழைய தூளை என்னத்திலை போட்டு வைச்சனாங்கள், ஞாபகமிருக்கோ?

— லபோவிலை குப்பி முடிஞ்சுபோச்செண்டு, நீர் வீட்டிலை இருந்து ஒரு டப்பா கொண்டந்தனீர்.

— வெறும் பெருங்காய டப்பா! சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கழுவினனான். எங்கடை வீடுகளிலை டப்பாவை ஆர் எறியிறது? அதின்ரை மணமே கந்தகந்தான், கழுவினாலும் போகாது. இப்ப அப்பிடி ஒரு டப்பாவிலை புதுத் தூளை ரெண்டு கிழமை வைச்சுப் பாத்தன். தொண்ணூற்றைஞ்சு!

— சாப்பாட்டுச் சாமானோ அதின்ரை ஏனமோ உள்ளுக்கு வந்தா, கொண்டந்த ஆள் வெளியிலை எண்டு பத்ரோன் கதவிலை ஒட்டியிருந்தவரெல்லோ.

— ஓம். தெரிஞ்சிருந்தா என்னைத்தான் கலைச்சிருப்பார். அவரின்ரை கடிதம் இல்லாட்டி எனக்கு விசாக் காட் புதுப்பிக்கேலாது, ஊருக்குத்தான் திரும்பியிருக்கவேணும். நீங்கள் இஞ்சை பிறந்த ஆள். இப்ப எனக்கும் இந்த நாட்டுப் பிரசாவுரிமை, நசனாலிற்றே கிடைச்சிட்டுது, பயமில்லை. எல்லாத்தையும் பத்ரோனுக்குக் கடிதமா எழுதிக் கொண்டந்திருக்கிறன். பிழை என்ரை எண்டு. உங்கடை பேரிலை இருக்கிற கறை போகவேணும் றொனால்ட். பத்து வருசமா எனக்கு மனம் ஆறேல்லை. வாசியுங்கோ, ஓம் எண்டா இண்டைக்கே அனுப்புறன்.

— தாரும் பாப்பம். ... வடிவா எழுதியிருக்கிறீர். ஆனா ஒரு வரி பிழை.

— எது?

— "டப்பாவின் விசயம் றொனால்ட்டுக்குத் தெரியாது" எண்டதை வெட்டும்.

— ஏன்?

— சனி ஞாயிறிலை மாமன்ரை கடையிலை பெருங்காயம் நிறுத்துக் கட்டினவன் நான். பத்ரோன் பழைய தூளைக் கேட்ட அண்டைக்கு மூடியைத் திறந்தன். மணந்துது. கந்தகம் எனக்கும் தெரியுந்தானே.

— முடிஞ்சுது எண்டனீங்களே!

— அரை டப்பா இருந்துது, தயாளினி. அடுத்தநாள் உமக்குக் காட் புதுப்பிக்கப் பிரெபெக்த்தூரிலை றண்டெவூ, அதாலை கொண்டுபோய்க் கால்வாயிலை கொட்டிப்போட்டன்.