எட்டு மணிக்குள் மஞ்சள் துணி

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. எங்கள் மகளிர் மன்றத்தில் எல்லாம் இரும்பு மடக்கு நாற்காலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், ஆய்வாளர் அம்மா. எனக்கு அவசரமில்லை. காலையில் எனக்கு வேலை இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

மஞ்சள் துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் தனியாக இருக்கும் வயதானவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் மன்றம் ஒரு மஞ்சள் துணியும் இரண்டு கிளிப்பும் கொடுத்திருக்கிறது. காலை எட்டு மணிக்குள் அதை வாசல் ஜன்னல் கம்பியில் மாட்ட வேண்டும். சாயங்காலம் உள்ளே எடுத்துவிட வேண்டும். துணி தொங்கினால் உள்ளே இருப்பவர் நலம். தொங்கவில்லையென்றால் கதவைத் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் மன்றத்தில் வைத்திருக்கும் மாற்றுச் சாவியால் திறந்து பார்க்க வேண்டும். யோசனை என்னுடையது. துணிகளுக்கு ஓரம் அடித்ததும் நான்தான்.

நாளுக்கு ஒரு உறுப்பினர் தெருக்களைச் சுற்றி வருவதென்று முறை போட்டோம். முறை மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒருத்திக்கு முழங்கால் வலி. இன்னொருத்திக்கு வருடம் இரண்டு தடவை மருமகள் பிரசவம். பேரப்பிள்ளை என்னவோ ஒன்றுதான். தலைவிக்குக் காலையில் எழுந்தால் தலை சுற்றும், படம் எடுக்க யாராவது வந்தால் மட்டும் சுற்றாது. செயலாளர் நான்தானே என்று எல்லா நாளையும் என் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டார்கள். பதினான்கு வருடம் நடந்தேன். மழையிலும் நடந்தேன், காய்ச்சலிலும் நடந்தேன். என் கணவருக்கு ஒரு பக்கம் விழுந்துபோன பிறகும் நடந்தேன்.

டைப் டீச்சருக்கு வருகிறேன். எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் தட்டச்சுப் பயிற்சிப் பள்ளி நடத்தியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வந்து போக உறவும் இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டுமென்றே துணி மாட்டாமல் விட்டுவிடுவார். நான் பதறிக் கதவைத் தட்டினால், திரைக்குப் பின்னால் தயாராக நின்றவர் உடனே திறப்பார்.

"அடடா, மறந்தே போச்சும்மா. வந்தது வந்துட்ட, ஒரு நிமிஷம் உக்காரு."

அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரம் ஓடும். துணி மாட்டும் நாளிலும் ஒழுங்காக மாட்ட மாட்டார். கை துடைக்க வைத்துக்கொண்டு, ஈரத்தோடு சுருட்டி, ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவார். நீளவாக்கில் மடித்து இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள் என்று எத்தனை தடவை செய்து காட்டியிருப்பேன். கிளிப்புகளை அவர் சர்க்கரைப் பொட்டலத்துக்குப் போட்டு வைத்திருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, என் கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டு நடக்கப் போனேன். சுற்றி வர இருபது நிமிடம்தான் ஆகும். அன்று டீச்சர் வீட்டில் துணி இல்லை. உள்ளே போனால், கண்ணாடியைக் காணோம் என்றார். தேடினேன். கட்டிலுக்கு அடியில், அலமாரி மேல், குளியலறையில் எல்லாம் தேடினேன். ஐம்பது நிமிடம். கிடைக்கவில்லை. நான் வீடு திரும்பியபோது என் கணவர் முன்பக்கமாகச் சரிந்து கழுத்து மடங்கிக் கிடந்தார். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

மன்றத்திலிருந்து மலர்வளையம் வந்தது. அடுத்த கூட்டத்தில் எனக்கும் ஒரு மஞ்சள் துணி கொடுத்தார்கள், இனி நானும் தனி ஆள் என்பதால். எல்லோரும் கைதட்டினார்கள். நடக்கிற ஆள் மட்டும் மாறவில்லை. தினமும் என் துணியை நானே மாட்டி, தெருவில் இறங்கி நின்று நானே பார்த்து, நலம் என்று நோட்டில் எழுதிவிட்டு மற்றவர்களைப் பார்க்கக் கிளம்புவேன். டீச்சர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுத வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அவர் ஜன்னலில் துணி இல்லை. தட்டினேன், திறக்கவில்லை. சாவி போட்டுத் திறந்தேன். சமையலறைத் தரையில் கிடந்தார். இதுவும் ஒரு நாடகம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்தேன். இடுப்பு முறிந்துவிட்டது என்று புரிந்தது.

"வந்துட்டியாம்மா. நீ வருவன்னு தெரியும்."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் துணைக்கு யார் போவது? நான். ஆஸ்பத்திரியில் யார் படுப்பது? நான். பிறகு மாதக்கணக்கில் யார் தூக்கி உட்கார வைப்பது? என் கணவருக்கு ஏழு வருடம் செய்ததை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது. ஒரே ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொள்கிறேன், நாளைக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். தலைக்குத் தலையணை வைத்தேன், போர்த்திவிட்டேன், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தேன். ஆள் அனுப்புகிறேன் என்று சொன்னேன். வெளியே வரும்போது அவருடைய மஞ்சள் துணியை எடுத்து ஜன்னலில் மாட்டினேன். வீட்டுக்குப் போய் மத்தியானம் வரை தூங்கினேன். சாயங்காலம் வந்து துணியை உள்ளே எடுத்தேன். அதற்குள் அவர் கண்ணயர்ந்திருந்தார்.

புதன்கிழமை கூப்பிடுவதாகத்தான் இருந்தேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கண்ணாடி தேடினோமே, அது என் தலகாணி உறைக்குள்ளதான் இருந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

"எதுக்கு டீச்சர்?"

"சீக்கிரம் போயிடுவியேன்னுதான். வாரம் பூரா பேச்சுத்துணைக்கு ஆளில்ல. உன் வீட்டுக்காரர் அப்படிக் கிடப்பார்னு எனக்கு என்னம்மா தெரியும்? மூணு வருஷமா நெஞ்சை அறுக்குது. மன்னிச்சேன்னு சொல்லு."

"அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் டீச்சர்."

அவர் அழுதார். அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். போனைப் பைக்குள் போட்டேன். சொம்பு காலியாக இருந்தது. அதை நிரப்ப மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்தேன்.

வியாழக்கிழமை அவர் பேசினார், ஆனால் தொடர்ச்சியாக இல்லை. தண்ணீர் கேட்டார். பள்ளியில் படித்த பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். எதிர் வீட்டுத் தையல் மெஷின் சத்தத்தில் அந்தக் குரல் வாசல் வரைகூடப் போயிருக்காது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை வருடத்தில் அவரோடு அவசரமில்லாமல் உட்கார்ந்தது அன்றுதான். வெள்ளிக்கிழமை காலை போனபோது பேச்சு நின்றிருந்தது. அன்றும் துணி மாட்டினேன்.

எதிர் வீட்டுத் தையல்காரர்தான் உங்களிடம் வந்து சொன்னார் என்று கேள்விப்பட்டேன். நாலு நாளாகத் துணி நேராக மடித்து, இரண்டு முனையிலும் கிளிப் போட்டுத் தொங்குகிறது, டீச்சர் ஒரு நாளும் இப்படி மாட்டினதில்லையே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நியாயமான சந்தேகம். சுருட்டி முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தால் யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் என் கையால் ஏனோதானோவென்று செய்ய எனக்கு வராது.

செவ்வாய்க்கிழமையே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். ஆமாம், பிழைத்திருப்பார். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நோட்டு மேஜை மேல் இருக்கிறது. பதினான்கு வருடத்தில் ஒரு நாள் விட்டுப்போகவில்லை. அந்த நாலு நாளும் நலம் என்றுதான் எழுதியிருக்கிறது. நாளைக்கு யாரையாவது நடக்கச் சொல்லுங்கள். பாக்கிப் பேர் காத்திருப்பார்கள்.

இன்று காலை உங்கள் ஆட்கள் வந்து கூப்பிட்டபோது ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேனே, ஓடப் பார்த்தேன் என்று அந்தக் கான்ஸ்டபிள் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். எட்டு மணி ஆகப்போகிறதே என்று என் துணியை எடுத்து ஜன்னலில் மாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பக்கம் வருகிற யாராவது என்னைக் காணோமே என்று கவலைப்படக் கூடாது, இல்லையா?