பிரஸ் மேல் நின்ற மயில்

மயில் செய்வதற்குக் காலண்டர் அட்டைதான் தோது. மடித்த இடத்தில் கிழியாது. தோகைக்குக் கலர் காகிதம், ஆட்டுவதற்கு டேப் ரெக்கார்டர் மோட்டார், டார்ச் லைட் பேட்டரி இரண்டு. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

மண்ணூர் பக்கம் தகர சாமான் செய்யும் கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். பெயர் பாண்டுரங்கன். போன வருஷம், தொண்ணூறில், ஆயுத பூஜைக்கு என் மயில் தோகை விரித்தபோது முதலாளியம்மாவே நின்று பார்த்தார்கள். பூஜை முடிந்ததும், தகட்டை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸை ஓட்டும் தணிகாசலம் அதை வலது கையால் கசக்கி, மிஷின் எண்ணெயைத் துடைத்தான்.

"இன்னா பாண்டு, மூஞ்சி தொங்கிப்போச்சி? பேப்பர்தானே, வேற செஞ்சிக்கோ."

 சண்டை போடும் சுபாவம் எனக்குக் கிடையாது. இந்த வருஷப் பூஜைக்கு வேறு செய்தேன்.

ஆயுத பூஜையன்று மிஷின் ஓடாது. என் பேட்டரி மயில் மட்டும்தான் அசையும். அந்த நம்பிக்கையில்தான், மற்ற நாளில் விரலைக்கூட நீட்டாத தணிகாசலம், அன்று பிரஸ்ஸுக்குள் கையை விட்டு அச்சுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பான். மெயினை அணைப்பது என் பொறுப்பு.

"ஆஃப் பண்ட்டியா?" என்று சூப்பர்வைசர் தாண்டவராயன் கேட்டார்.

"பண்ட்டேன் சார்."

அணைக்கவில்லை. மேளச் சத்தத்தில் பிரஸ் மோட்டாரின் இரைச்சல் யாருக்கும் கேட்கவில்லை. பிரஸ் மேல் வைத்த மயிலிலிருந்து ஓர் ஒயரை இறக்கியிருந்தேன். தோகை முழுக்க விரிந்தால் அச்சு இறங்கும். எல்லோரும் மயிலைத்தான் பார்த்தார்கள். நன்றாக விரிந்தது.

வலது கை மட்டும்தான் போயிற்று. முதலில் தலையையும் உள்ளே நீட்டியிருந்தான். அதை வெளியே எடுக்கும்வரை காத்திருந்துதான் மயிலை ஓடவிட்டேன். பிறகு ஒயரைக் கழற்றிவிட்டு, மிஷின் கோளாறு என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து அவனுக்கு ஒரு கை செய்தேன். அதே அட்டை, நூல், மோட்டார். பட்டனை அழுத்தினால் ஐந்து விரலும் மடங்கும். தண்ணீர் படாமல் வைத்துக்கொண்டால் பல வருஷம் வரும். இன்று காலை அவன் வீட்டுக்கே கொண்டுபோனேன்.

தணிகாசலம் அதை வாங்கினான். இடது கையால் கசக்கி என் மூஞ்சியில் எறிந்தான். அவன் மனைவி கனகம், "போயிடுண்ணா, இங்க நிக்காத," என்று அழுதாள்.

 நேராக இங்கே, ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ஒரு மயில், ஒரு கை, இரண்டையும் நாசம் செய்திருக்கிறான். என் புகாரை எழுதிக்கொண்டு அவனைக் கூப்பிட்டு விசாரியுங்கள், ஐயா.