விசுவாசத்தில் சொன்னது

காலையில் வானொலி கேட்காதவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கானாவில், அதுவும் குமாசியில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆறு மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து யாராவது சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தால்தான் எனக்குப் பல் துலக்கவே மனசு வரும். உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு வானொலிப் பெட்டிகூட இல்லை, ஐயா. பரவாயில்லை.

அந்த ரத்த அழுத்தக் கஷாயப் போத்தலுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்கத்தான் என்னை வரச் சொன்னீர்கள். அதற்கு என் பதில் சின்னது. அதை நான் காய்ச்சுவதில்லை, கடை போட்டு விற்பதும் இல்லை. இணையத்தில் பரிந்துரைக்கிறேன். நான் போடும் இணைப்பைத் தொட்டு யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். சோலார் விளக்கு, செருப்பு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எல்லாமே அப்படித்தான். ஆனால் பேச்சோடு பேச்சாக ஆண்ட்டி அஃப்ரகோமாவுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்டுவிட்டீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். எனக்குப் பொய் ஒத்துவராது.

என் தொழிலில் நம்பிக்கைதான் முதல். ஐந்து வருஷம் நாயாய் உழைத்தும் என்னைப் பின்தொடர்ந்தவர்கள் நானூறு பேரைத் தாண்டவில்லை. நாம் நம்மைப் பற்றிப் பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஊடகம் நம்மைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். காலை நிகழ்ச்சி நடத்தும் ஜாம்ஃபியை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய மாமியார் இறந்தபோது அழைப்பில்லாமலே கறுப்புத் துணி கட்டிக்கொண்டு போனேன். மூன்று நாள் நாற்காலி தூக்கினேன், தண்ணீர் பாக்கெட் கொடுத்தேன். மூன்றாம் நாள்தான் அவர் நீ யாரம்மா என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

"கொனாடு, லிங்க்கைப் பத்தி ரேடியோல எவன் கேப்பான்? ஆளைக் கூட்டிட்டு வா. குடிச்சுக் குணமான ஆளு."

ஆண்ட்டி அஃப்ரகோமா எங்கள் முற்றத்து வீட்டில் என் அறைக்கு அடுத்த அறை. வாசலில் விடியற்காலையில் கம்பங்கஞ்சியும் கோசேயும் விற்பார். கோசே என்பது காராமணி வடை. அவர் கை வடைக்கு வரிசை நிற்கும். பதினோரு வருஷமாக ரத்த அழுத்தம், ஆஸ்பத்திரி மாத்திரை. எனக்கு வாடகை தடுமாறிய மாதங்களில் கஞ்சிக்குக் காசு வாங்காதவர். நான் கேட்டேன் என்பதற்காகவே மூன்று வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தக் கஷாயத்தைக் குடித்தார். எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வானொலி நிலையத்தில் அவரை உட்காரவைத்தால் எழுந்து நின்றுகொண்டார். சர்ச்சில் சாட்சி சொல்பவர்கள் நின்றுதானே சொல்வார்கள். ஜாம்ஃபி மைக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. தலைசுற்றல் போச்சு, கால்வீக்கம் போச்சு, மாத்திரையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன், அரை மாத்திரைகூட உள்ளே போகவில்லை என்று அடித்துச் சொன்னார். ஜாம்ஃபி ஆமென் போட்டார். தொலைபேசி ஓயவே இல்லை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் எனக்கு ஆறாயிரம் பேர் சேர்ந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஆண்ட்டியின் வீட்டுக்கே வந்து படம் எடுக்கிறோம் என்றார்கள்.

திரும்பும்போது வேனில் ஆண்ட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து, துணி முடிச்சை அவிழ்த்து, இரண்டு வெள்ளை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆண்ட்டி, விட்டுட்டேன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"விசுவாசத்துல சொன்னேன் மகளே. வரப்போறதுக்கு இப்பவே நன்றி சொல்றது. நம்ம சர்ச்சுல எல்லாரும் சொல்றதுதானே? நீ ஏன் இப்படி முழிக்கிறே?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் சர்ச்சில் விசா வருவதற்கு முன்பே விசா வந்ததற்கு நன்றி சொல்வார்கள், கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்பே மாப்பிள்ளைக்கு நன்றி சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆனால் வானொலி சர்ச் இல்லையே, ஐயா. ஆறாயிரம் பேர் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். படம் எடுக்க வீட்டுக்கு வரும் தொலைக்காட்சிக்காரன் அலமாரியைத் திறந்தால் என் கதி என்ன? என் பெயரில் ஒரு பொய் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாம்ஃபியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சொல்லலாம், ஆனால் ஏற்கெனவே சொன்னது சொன்னதுதான், ஒலிபரப்பானதைத் திரும்ப வாயில் போட முடியாது. என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. ஆண்ட்டி சொன்னதை உண்மையாக்குவது.

நான் நாலு வருஷம் மருந்துக்கடையில் நின்றவள். எந்த மாத்திரை எந்த மாத்திரையைப் போல இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆண்ட்டி கஞ்சி விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய மாத்திரை டப்பாவில் இருந்ததை எடுத்துவிட்டு வெறும் சத்து மாத்திரையைப் போட்டேன். கெடுதல் எதுவும் போடவில்லை. அன்றிலிருந்து அவர் வானொலியில் சொன்னது சரியாகிவிட்டது. எனக்கும் தூக்கம் வந்தது.

இரண்டாவது வாரம் பிடரி இறுகுகிறது என்றார். அழுத்தம் பார்த்தேன். கருவியில் இருநூற்றுப் பத்து காட்டியது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எண் தெரியாது, எவ்வளவு என்று என்னைக் கேட்டார். "முன்ன மாதிரி இல்லை ஆண்ட்டி, நல்லா மாறியிருக்கு" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

படப்பிடிப்பு நன்றாக நடந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். டப்பாவை நான் முந்தின நாளே என் அறைக்கு எடுத்துப் போயிருந்தேன். அதற்குப் பதினோராம் நாள் ஆண்ட்டி வடைச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தார். எண்ணெய் மேலே படாமல் இழுத்தது நான்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அங்கே புது மாத்திரை கொடுத்து, ஒரு வேளைகூட விடாதீர்கள், இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவருடைய மகள் சர்போமா தக்கராடித் துறைமுகத்தில் வேலை செய்கிறாள். ஒரு வாரம் லீவு போட்டு வந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் புது டப்பாவையும் மாற்றினேன். கட்டிலில் இருந்து ஆண்ட்டி பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதுகைக் காட்டி மறைக்கவில்லை, ஒளித்துச் செய்வது எனக்குப் பழக்கமில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தொலைக்காட்சி நிகழ்ச்சி இன்னும் ஒளிபரப்பாகவில்லையே. அதில் அவர் அரை மாத்திரையும் தொடவில்லை என்று சொல்கிறார். அதற்குள் தொட்டுவிட்டால் எல்லாம் வீணாகிவிடும். என்னால் வேறு என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

மகள் குளித்துவிட்டு வந்ததும் ஆண்ட்டி இடது கையைத் தூக்கி டப்பாவைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். மறுபடியும் டப்பா, மறுபடியும் நான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சர்போமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"கொனாடு அக்கா குடுத்தாத்தான் சாப்பிடுவியா? சரிம்மா, அழாதே. அவங்களையே குடுக்கச் சொல்றேன்."

ஆண்ட்டி தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். சர்போமா அம்மாவின் அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தக்கராடிக்குத் திரும்பினாள். அதிலிருந்து இரண்டு வேளையும் நான்தான் கொடுக்கிறேன். நேற்று அவர் பல்லைக் கிட்டித்துக்கொண்டார். மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும், பிள்ளைக்கு மருந்து கொடுத்தவர்களுக்கு இது தெரியும். திறந்தது. துடைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டார் என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அவளும் நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பாள்.

எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். கொல்லப் பார்த்தேன் என்று எங்காவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள், அது உண்மையில்லை. சனிக்கிழமை ஒளிபரப்பு முடியட்டும், ஞாயிறு காலையிலிருந்து ஆஸ்பத்திரி மாத்திரையையே கொடுக்க ஆரம்பித்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.