இறங்காத காண்டர்கள்

காண்டர் என்கிற பிணந்தின்னி மலைக்கழுகைப் பார்க்க விடியலில் எழுந்து ஓடுவது வீண் வேலை, ஐயா. வெயில் ஏறிப் பாறை சூடாக வேண்டும். அப்போதுதான் அது சிறகை விரிக்கும். விரித்தபின் ஒருதரம்கூட அடிக்காமல் மலையையே சுற்றி வரும். ஊரில் தொலைநோக்கி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். குடும்பம் இல்லாதவனுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஃபோர்த்துனாத்தோ என் தங்கை நசாரியாவின் புருஷன். கலகலப்பானவன். ஜூலைத் திருவிழாவுக்குக் காண்டர் பிடித்துத் தருவது அவன்தான். செத்த குதிரையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் பதுங்கியிருப்பான். பறவை மூக்குமுட்டத் தின்று எழ முடியாமல் தள்ளாடும்போது பிடித்துவிடுவான். பிறகு அதைக் காளையின் முதுகில் கட்டி மைதானத்தில் ஓடவிடுவார்கள். எல்லாம் முடிந்ததும் பாட்டுப் பாடி மலையில் பறக்கவிடுவது வழக்கம். போன வருஷம் விட்டது பறக்கவில்லை, சிறகு முறிந்திருந்தது. எனக்கு வருத்தம்தான். கோபம் என்று சொல்ல மாட்டேன்.

"இந்த வருஷம் வேணாம் மாப்ள, தெற்குப் பாறையில ஒரு ஜோடி குஞ்சு பொரிச்சிருக்கு" என்றேன்.

"பேசாம நீ ஒரு காண்டரையே கட்டிக்கோ மச்சான். கல்யாணத்துக்கு நானே வந்து மத்தளம் அடிக்கிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கயிறும் சிவப்புக் கம்பளியுமாக மலையேறிய ஃபோர்த்துனாத்தோ திரும்பவில்லை. ஊரே என்னிடம் வந்தது.

"அண்ணே, அவரு எங்க கிடக்காருன்னு உன் பறவைங்களுக்குத் தெரியும். பாத்துச் சொல்லு" என்றாள் நசாரியா.

தெற்குப் பள்ளத்தாக்குக்கு மேலே காண்டர்கள் வட்டமிட்டன. செத்தது என்றால் இறங்கிவிடும். அசைகிறது என்றால் இறங்காது, காத்திருக்கும். அவை இறங்கவில்லை. தொலைநோக்கியைத் தாழ்த்தினேன். அடியில் சிவப்புக் கம்பளி தெரிந்தது. ஒரு கை உயர்ந்து அசைந்தது.

"என்னண்ணே தெரியுது?"

"மேய்ச்சலுக்குப் போன லாமா ஏதோ செத்துக் கிடக்கு. வடக்கே போய்த் தேடுங்க."

வழியில் கொறிக்க என் வறுத்த சோளத்தையும் கொடுத்தனுப்பினேன். வாக்குமூலத்தில் எழுதுமுன் நீங்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கூடு அவன் விழுந்து கிடந்த அதே பாறையில்தான் இருக்கிறது. இத்தனை பேர் கயிறு கட்டிக் கத்திக்கொண்டு இறங்கினால் பெற்றவை திரும்பி வராது. குஞ்சு பட்டினியில் சாகும். நசாரியாவுக்கு வயசு இருக்கிறது, இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம்.

மறுநாளும் கை உயர்ந்தது. அதற்கடுத்த நாள் விரல்கள் மட்டும் அசைந்தன. வெயில் சாய்வதற்குள் அதுவும் நின்றது. முதலில் தாய் இறங்கியது.

நான் அவனைத் தொடவே இல்லை, ஐயா. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று மாலை குஞ்சு வயிறாரச் சாப்பிட்டது. தங்கையிடம் பேசும்போது அதையும் சொல்லுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.