யார் பேருக்கு அர்ச்சனை

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த வயதான அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“ரெண்டு மா நிலத்த கோயிலுக்கு எழுதி வச்சேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம போயி எம் பேரையே கேட்டுட்டு வர்றேன்.”

“எழுதிக் குடுத்தவங்க நீங்கதானே, பெரியம்மா?”

“எங்க வூட்டுக்காரரு பேருக்கு அர்ச்சனை பண்ணத்தாம்மா குடுத்தேன். அவரு போனப்புறம் அந்தப் பேர யாரும் சத்தமா சொல்றதே இல்ல.”

“பின்ன ஏன் உங்க பேரச் சொல்றாங்க?”

“யாரு பேருக்குன்னு பத்திரம் எழுதறவரு கேட்டாரு. கட்டுனவரு பேர நா எப்புடிச் சொல்றது? பேசாம நின்னேன். எம் பேரப் போட்டுட்டாரு.”

“ஆதார் அட்டையக் காட்டியிருக்கலாமே.”

“அப்பத் தோணல.”

“இந்த வாட்டி குருக்கள்கிட்ட நா வந்து சொல்றேன். பேரு என்ன?”

அம்மாள் பையைத் துழாவி அட்டையை எடுத்தார். கணவர் பெயருக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். அந்தப் பெண் வாய்விட்டுப் படித்தாள்.

“வைத்தியலிங்கம்.”

அவள் திருப்பி நீட்டிய அட்டையை அம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை.

“இன்னொரு தடவ படிம்மா.”