செட்டியார் காடியின் சிவப்பு விளக்கு

ஐயா, கஜா பெராங் பட்டறையில் நான் எந்த மோட்டார் காடியையும் அவசரப்பட்டுப் பிரிப்பதில்லை. முதலில் பார்ப்பேன், பிறகு சோதிப்பேன், அதன் பிறகுதான் கை வைப்பேன். இந்த வாக்குமூலத்தையும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் நான் புக்கிட் ரம்பாயில் குடியிருந்தேன். மனைவி கமலவேணிக்குப் பிரசவ வலி கண்ட மத்தியானம், பக்கத்து வீட்டுக் காசிவிஸ்வநாதன் செட்டியாரிடம் ஓடினேன். அந்தத் தெருவில் காடி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"செவப்பு வெளக்கு எரியுதப்பா. எண்ணெய் ஓடாம இஞ்சின் இறுகிட்டா நடு ரோட்டுல நிக்கணும்" என்றார்.

நான்கு நாள் முன்புதான் அந்த இஞ்சினை நானே சுத்தம் செய்து கொடுத்திருந்தேன். எண்ணெய் நன்றாக ஓடியது. ஆகவே அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டேன். திறந்து பார்க்க நேரமில்லை. அவளை மாட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் கிளேபாங் தாண்டியதும் வண்டிக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் மாட்டை விரட்டவில்லை.

இந்த வருஷம், ஐம்பத்தேழில், சுதந்திரத்துக்கு முந்திய வாரம், செட்டியார் அதே காடியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பின் சீட்டில் மகள் நாகம்மை, நிறைமாதம்.

"சேதுராமா, அந்த வெளக்கு கண்ணக் குத்துதப்பா. மொதல்ல அதை அணைச்சுக் குடு. இவளுக்கு வலி கண்டா இதுலதானே ஓடணும்?"

"அப்பச்சிக்கு இந்தக் காடிதாண்ணே மூத்த பிள்ள" என்று நாகம்மை சிரித்தாள். "இதுக்கு வைத்தியம் பாத்தாத்தான் எனக்கு."

விளக்கு எரிந்தால் காரணம் மூன்றில் ஒன்று: கம்பி, இஞ்சினில் உள்ள சுவிட்சு, அல்லது உண்மையிலேயே எண்ணெயின் அழுத்தம் குறைவு. முதலில் கம்பியைத் தடவிக்கொண்டு போனேன். இஞ்சினுக்குப் பின்னால் யாரோ பிற்பாடு வேறு டேப் சுற்றியிருந்தார்கள். அதைப் பிரித்தேன். அடியில் என் பழைய டேப், ஐம்பத்திரண்டில் சுத்தம் செய்தபோது நான் சுற்றியது. அது நழுவி, கம்பி இரும்பில் உரசிக் கருகிய தழும்பு இருந்தது. அங்கே உரசினால், எண்ணெய் நன்றாக இருந்தாலும் விளக்கு எரியும். செட்டியார் அன்று பார்த்தது அதைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, புது டேப் சுற்றினேன்.

அடுத்து சுவிட்சைக் கழற்றி அழுத்தமானியை மாட்டினேன். முள் பாதிகூட ஏறவில்லை. எண்ணெய் பம்பு தேய்ந்துவிட்டது. இந்தத் தடவை விளக்கு சொன்னது உண்மை. சுவிட்சைத் திருப்பி மாட்டினேன். கம்பியை அதில் மாட்டவில்லை. விளக்கு அணைந்தது.

"கெட்டிக்காரன்டா நீ" என்றார் செட்டியார். இன்னும் பத்து மைல்தான் தாங்கும் என்று நான் கணித்திருந்தேன். வீட்டுக்குப் போக ஏழு மைல்.

"வீணா ஓட்டாதீங்க செட்டியாரே. நாகம்மைக்குன்னே நிறுத்தி வைங்க" என்றேன். அவர் அப்படியே செய்தார்.

ஒன்பதாம் நாள் காலை, நல்ல மழையில், இஞ்சின் கிளேபாங்கில் இறுகியது. வேறு வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. செட்டியார் என் தோளில் சாய்ந்து அழுதார். இன்னும் என்மேல் அவருக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

செய்தது நான். கமலவேணிக்காகச் செய்தேன். இதைச் செட்டியாருக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். பழைய டேப்பைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா. அன்று அவர் சொன்னது பொய்தான்.